உன்ரை குழாய்க் கணக்கு

அன்பின் மச்சான்,

மூண்டு கிழமையாப் பதில் போடேல்லை, கோவிக்காதை. வீட்டிலை எல்லாரும் சுகம். அம்மாவைக் கேட்டதாச் சொல்லு.

மோட்டர் வாங்கமுன்னம், குழாயிலை தண்ணி ஓடுறதைக் கணினியிலை நீ போட்ட கணக்கைத் திறந்து பாத்தன். சுவரோடை ஒட்டின ஒரு மில்லிமீற்றர் செல்லோடை (குழாயைப் பிரிக்கிற சின்னக் கட்டம்) மீற்றருக்கு 200 பாஸ்கலுக்குக் கிட்ட வந்த அமுக்க இழப்பு, செல்லை அரைவாசியாக்கினதும் குறைஞ்சுபோச்சு எண்டு மென்பொருளைத் திட்டியிருக்கிறாய். அதைத் திட்டாதை. வோல் பங்ஷன் (சுவருக்குக் கிட்ட உள்ள ஓட்டத்தைச் சூத்திரத்தாலை மதிப்பிடுற முறை) போட்டுக்கொண்டு முதல் செல்லை ஆகாத இடத்திலை வைச்சது நீதான்.

மாஸ்டர் சொல்ற மாதிரி முதலிலை பென்சிலை எடு. 50 மில்லிமீற்றர் பிவிசி குழாய், செக்கனுக்கு 1 மீற்றர், எங்கடை 30 பாகைத் தண்ணி. ஓட்டம் எவ்வளவு கொந்தளிப்பு எண்டு காட்டுற ரெனோல்ட்ஸ் எண் 62,500. பிளாசியஸ் சூத்திரத்தாலை உராய்வுக் குணகம் 0.02, உராய்வு வேகம் (சுவர்த் தகைப்பை வேகமாச் சொல்ற அளவு) செக்கனுக்கு 0.05 மீற்றர். சுவரிலையிருந்து உள்ள தூரத்தை உராய்வு வேகத்தையும் பிசுக்குமையையும் வைச்சு அளக்கிற எண்தான் ஒய் பிளஸ். அப்ப ஒய் பிளஸ் 1 எண்டது சுவரிலையிருந்து வெறும் 16 மைக்ரோன். 30 எண்டால் 0.48 மில்லிமீற்றர். அளக்கவேண்டியது செல்லின்ரை மையத்தை. ஒரு மில்லிமீற்றர் செல்லிலை மையம் ஒய் பிளஸ் 31, அதாலை தப்பினாய். அரைவாசியாக்க 15, 16க்கு இறங்கிட்டுது.

ஒய் பிளஸ் 5க்கும் 30க்கும் இடைப்பட்ட படைதான் பொல்லாதது. 5க்குக் கீழை பிசுக்குமையின்ரை ஆட்சி, வேகம் தூரத்தோடை நேராக ஏறும். 30க்கு மேலை மடக்கை விதி, வேகம் தூரத்தின்ரை மடக்கையோடை ஏறும்; வோல் பங்ஷன் நம்பிறது இதைத்தான். நடுவிலை உண்மையான வேகம் ரெண்டு கோட்டுக்கும் கீழை கிடக்கும். 15இலை மடக்கை விதி உராய்வு வேகத்தைப் போல 12 மடங்கு எண்டும். உண்மை 11க்கும் கீழை. அந்தக் குறைஞ்ச வேகத்தை மடக்கை விதியிலை வைச்சுத் திருப்பிக் கணிச்சால் உராய்வு வேகம் குறையும், சுவர்த் தகைப்பு அதின்ரை வர்க்கமெல்லோ, இன்னும் கூடக் குறையும்.

நேரான குழாய்க்கு ஒரு மில்லிமீற்றருக்கே திரும்பிப் போ, காணும். எல்போ வளைவிலை பாய்ச்சல் சுவரை விட்டுப் பிரியிறபடியாலை மடக்கை விதி நிக்காது. அங்கை சுவர் வரைக்கும் ஓட்டத்தைக் கணிக்கிற கே-ஒமேகா எஸ்எஸ்ரி எண்ட கொந்தளிப்பு மாதிரியுருவைப் போட்டு, முதல் செல்லை 32 மைக்ரோனிலை தொடங்கி 1.2 மடங்கா வளர். 19 படையிலை 5 மில்லிமீற்றர் வரும்.

இன்னொண்டு, இதுதான் எனக்குப் பெரிய கவலை. எங்கடை கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. உள்ளுக்குப் படிஞ்சு, கரடு 0.08 மில்லிமீற்றரைத் தாண்டினால் ஒப்பமான சுவர் எண்ட எடுகோளே போச்சு, 200 பாஸ்கலும் காணாது.

ஒய் பிளஸ் படத்தை எடுத்து அனுப்பு. அதை நான் பாக்கமுன்னம் மோட்டருக்குக் காசு குடுத்துப்போடாதை.

அன்புடன்,
சிவா