டச்சுப் பெண்ணைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஸ்காலர்ஷிப் என்று பேச்சு வந்தாலே நம் பத்திரிகைகளில் டென்னிஸ், நீச்சல், தடகளம் இவற்றோடு முடித்துவிடுகிறார்கள். ஹாக்கியைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டி என்று ஓர் ஊரை வைத்துக்கொண்டு இப்படி விட்டுவிடலாமா என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன். நான் இருப்பது நியூ ஜெர்சியில். மகள் பள்ளி அணியிலும் ஒரு கிளப்பிலும் மிட்ஃபீல்டில் ஆடுகிறாள். இங்கே வெறுமனே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கிதான், நம்முடையது ஃபீல்ட் ஹாக்கி, அதுவும் ஏறக்குறைய முழுக்கப் பெண்கள் ஆட்டம். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வில் ஆண்களுக்கு சாம்பியன்ஷிப்பே கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மைதானத்து ஓரம் மடக்கு நாற்காலி போட்டு உட்காரும் பெற்றோர்களிடம் ஓயாத ஒரு புலம்பல் உண்டு. "நெதர்லாந்துலேர்ந்தும் ஜெர்மனிலேர்ந்தும் ஆள் எடுத்துடறாங்க, நம்ம பொண்ணுங்களுக்கு இடமே இல்ல." ஏதாவது ஒரு கல்லூரி அணியின் ரோஸ்டரை, அதாவது ஆட்டக்காரர் பட்டியலை, போனில் திறந்து, சொந்த ஊர் என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழே விரலால் தள்ளிக்கொண்டே எண்ணுவார்கள். எம்மாஸ், ஹெர்ஷி என்று பென்சில்வேனியா ஊர்கள் வந்தால் முகம் தெளியும், ஆம்ஸ்டெல்வீன், ஹாம்பர்க், புவனோஸ் ஐரிஸ் என்று வந்தால் ஒரு பெருமூச்சு. இந்தப் புலம்பலில் நம் தமிழ் அப்பா அம்மாக்களும் சேர்ந்துகொள்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நாமெல்லாம் எந்த விசாவில் வந்து இறங்கினோம்? எஃப்-1இல் படிக்க வந்து, வேலைக்கான எச்-1பி வாங்கி, "வெளிநாட்டுக்காரன் நம் வேலையைப் பறிக்கிறான்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள்தானே. அதே எஃப்-1இல் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி ஸ்டிக்கோடு வந்தால் மட்டும் அது அநியாயமா?

அவர்கள் வருவதால் நம் பிள்ளைகளுக்குப் பாதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது. ஒரு பெனால்டி கார்னரைப் பார்த்தாலே தெரியும். டிராக் ஃப்ளிக் அடிக்கிற பெண் நன்றாகக் குனிந்து, பந்தை ஸ்டிக்கின் அடிப்பகுதியில் பிடித்து, பின்னங்காலிலிருந்து முன்னங்கால் வரை இழுத்துக்கொண்டே வந்து கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுழற்றி விடுவாள். கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவு பண்ணுவதற்குள் பந்து வலையில் இருக்கும். நெதர்லாந்தில் ஆறு ஏழு வயதிலேயே ஊர் கிளப்பில் சேர்த்துவிடுகிறார்கள், வருட சந்தா சில நூறு யூரோதான், பதினேழு பதினெட்டில் பெரியவர்கள் அணியில் பெண்களோடு பெண்ணாக லீக் ஆடிவிடுகிறாள். இங்கே பெரும்பாலான பிள்ளைகள் ஸ்டிக்கைத் தொடுவதே ஆறாவது ஏழாவது படிக்கும்போதுதான். பள்ளி சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பரில் முடிந்துவிடும், இன்னமும் எத்தனையோ பள்ளிகளில் புல்தரையில்தான் ஆட்டம். கல்லூரியில் போய் டர்ஃப் என்ற செயற்கைத் தரையில் ஆடும்போது பந்தின் வேகமே வேறு.

வருடம் முழுக்க ஆட வேண்டுமென்றால் கிளப்பில் சேர வேண்டும். அங்கேதான் இருக்கிறது செலவு. சந்தா, குளிர்காலத்து இண்டோர் பயிற்சி, வெளி மாநில டோர்னமென்ட்டுக்கு விமானம், ஓட்டல், நல்ல ஸ்டிக் ஒன்று முந்நூறு டாலர் என்று ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் போய்விடும். அதனால்தான் இந்த ஆட்டம் பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, மேரிலாண்ட், மாசசூசெட்ஸ் என்று கிழக்குக் கரையில் வசதியான சில பகுதிகளையே சுற்றிச் சுற்றி வருகிறது. இவ்வளவு பெரிய நாட்டில் இவ்வளவு சிறிய வட்டத்திலிருந்துதான் ஆள் பொறுக்க வேண்டும் என்றால் கோச் கடல் தாண்டிப் பார்க்கத்தான் செய்வார். இதை அந்தப் பெற்றோர்களிடம் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. சந்தாவைக் குறை என்று கிளப்பிடம் சண்டை போடுவதைவிட டச்சுப் பெண்ணைத் திட்டுவது சுலபம்.

இன்னொன்று, கணக்கு. கல்லூரி விளையாட்டின் மேல் மட்டமான டிவிஷன் 1இல் ஏறக்குறைய எண்பது அணிகள்தான். முன்பு ஓர் அணிக்கு மொத்தம் 12 ஸ்காலர்ஷிப்தான் வரம்பு, அதை கோச் இருபத்தைந்து பேருக்கு அரை, கால் என்று பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார். வெளிநாட்டுப் பெண்ணுக்குக் கால் பங்கு கொடுத்து வரச் சொன்னால் வரமாட்டாள், மீதி ஃபீஸை யூரோவில் எங்கிருந்து கட்டுவாள்? ஆகவே அவளுக்குப் பெரிய பங்கு, உள்ளூர்ப் பெண்ணுக்குப் புத்தகச் செலவு. இந்தக் கோபத்தில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. 2025 ஜூனில், கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கில் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு அந்த 12 போய்விட்டது, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணியில் 27 பேர்தான் என்று தலைக்கணக்கு வந்துவிட்டது. 27 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்று விதி சொல்கிறது. கொடுக்கிற அளவுக்குப் பணம் எத்தனை கல்லூரியிடம் இருக்கிறது என்பது வேறு கதை. ஆனால் முப்பதுக்கு மேல் ஆள் வைத்திருந்த அணிகள் 27க்கு இறங்கினால் முதலில் கழற்றி விடுவது யாரை? ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆசைக்காகச் சேர்ந்து, மூன்றாவது வருடமாவது களமிறங்கலாம் என்று காத்திருக்கும் உள்ளூர்ப் பெண்ணைத்தான். அவளுடைய இடத்தை எடுத்தது ஒரு வழக்கும் ஒரு பட்ஜெட்டும். போதாக்குறைக்கு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல். மூன்று வருடம் வேறு கல்லூரியில் ஆடிய இருபத்தொரு வயதுக்காரி தயாராகக் கிடைக்கும்போது பன்னிரண்டாவது படிக்கும் பெண்ணை எடுத்து வளர்க்க எந்த கோச்சுக்குப் பொறுமை இருக்கும்? அந்த இருபத்தொரு வயதுக்காரி பெரும்பாலும் அமெரிக்கப் பெண்தான், அவளை யாரும் திட்டுவதில்லை.

வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இன்று நேற்று வந்தவர்களும் இல்லை. இந்த ஆட்டத்தையே 1901இல் இங்கே கொண்டுவந்து பெண்கள் கல்லூரிகளில் பரப்பியவர் கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்ற ஆங்கிலேயப் பெண்மணி. கல்லூரி ஹாக்கியில் அதிக கோல் அடித்த சாதனை ஓல்டு டொமினியனுக்கு ஆடிய அர்ஜென்டினாக்காரர் மரீனா டி ஜகோமோ பெயரில் இருக்கிறது, 167 கோல். 2017இல் கனெக்டிகட் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வாங்கியபோது அணியின் நட்சத்திரம் ஜெர்மனியின் சார்லட் வைட்னர். அப்புறம் இதையும் பாருங்கள், சமீப காலத்தில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்ட எரின் மாட்சன் பென்சில்வேனியாவின் சாட்ஸ் ஃபோர்டு பெண். நார்த் கரோலினாவுக்கு ஆடி நான்கு பட்டம், ஆடி முடித்த கையோடு 22 வயதில் அதே அணிக்குத் தலைமை கோச், 2023இல் கோச்சாகவும் பட்டம். திறமை இருக்கிற உள்ளூர்ப் பெண்ணை எந்த டச்சுக்காரியும் மறைத்துவிடவில்லை.

"தேசிய அணி கெட்டுப் போகிறதே" என்பார்கள். 2024 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்று நம் வாசகர்களுக்கு மறந்திருக்காது. டோக்கியோவில் நான்காவது வந்த நம் பெண்கள் சொந்த மண்ணில் முதல் ஆட்டத்திலேயே அமெரிக்காவிடம் 0-1 என்று தோற்றார்கள், கடைசியில் பாரிஸுக்குப் போகவே முடியவில்லை. அந்த ஒரே கோலை அடித்த ஆபிகெய்ல் டேமர் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். அந்த அமெரிக்க அணியே கல்லூரி ஹாக்கியில் வளர்ந்த அணிதான். தினசரிப் பயிற்சியில் ஐரோப்பிய ஃப்ளிக்கரை எதிர்கொண்டு பழகிய டிஃபெண்டருக்கு சர்வதேச ஆட்டத்தில் கை நடுங்காது என்பது என் கட்சி. என் மகளும் இதே கட்சிதான், அவள் கிளப்பில் வந்து சொல்லிக்கொடுக்கும் டச்சு கோச்சிடம் ஒரு கோடையில் கற்ற ரிசீவிங், அதாவது வரும் பந்தை வாங்கி நிறுத்துவது, பள்ளியில் எத்தனை வருடம் ஆடினாலும் வந்திருக்காது.

கோபப்பட வேண்டியது கோச்சுகளின் வாய்ப்பேச்சைப் பார்த்து. இங்கே பத்தாவது முடித்த ஜூன் 15இலிருந்துதான் கல்லூரி கோச்சுகள் பிள்ளைகளோடு நேரடியாகப் பேசலாம். அன்றைக்கு நள்ளிரவிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் வட்டத்தில் ஒரு பெண்ணை ஒரு கல்லூரி அப்படி அழைத்து, வளாகமெல்லாம் சுற்றிக் காட்டி, "நீ எங்கள் முதல் சாய்ஸ்" என்று பேசியது. அவளும் வேறு இரண்டு கல்லூரிகளுக்கு நன்றி சொல்லி விலகிவிட்டாள். வாய்ச்சொல் யாரையும் கட்டுப்படுத்தாது. அடுத்த வருடம் அவள் ஆடும் இடத்துக்கே வெளிநாட்டிலிருந்து ஒருவரை எடுத்துக்கொண்டு, "உன்னை வேறு விதமாகப் பார்க்கிறோம்" என்று ஒரு மின்னஞ்சல். யாரை வேண்டுமானாலும் எடுக்கட்டும், அது அவர்கள் வேலை. ஆனால் ஒரே இடத்துக்கு எத்தனை பேரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம், அதில் எத்தனை பேர் வெளிநாடு என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் நேராகச் சொல்ல என்ன தயக்கம்? வெளிநாட்டவர் இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்கச் சொல்லி மனு எழுதும் பெற்றோர், அதை விட்டு இதைக் கேட்டால் நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

டிவிஷன் 1 மட்டும்தான் ஹாக்கி என்ற மயக்கமும் நம்மவர்களுக்கு ஜாஸ்தி. இந்த நாட்டில் அதிக ஹாக்கி அணிகள் இருப்பது டிவிஷன் 3இல்தான். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, வெளிநாட்டவர் கூட்டமும் குறைவு, வெர்மான்ட்டின் மிடில்பரி போல ஆட்டத்திலும் படிப்பிலும் முன்னால் நிற்கும் கல்லூரிகள் அங்கேதான் இருக்கின்றன. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவித்தொகை தனியாக உண்டு. "டி-3யா?" என்று உதட்டைப் பிதுக்கும் மாமாக்களுக்கு இது எங்கே புரிகிறது.

கடைசியாக, தமிழ்நாட்டில் ஹாக்கி ஆடும் பெண்களின் பெற்றோருக்கு உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல ஆசைப்படுவது. வெளிநாட்டு ஆட்டக்காரர் இத்தனை பேர்தான் என்று என்.சி.ஏ.ஏ.வில் வரம்பு எதுவும் இல்லை. ஜெர்மன் பெண்ணுக்குத் திறந்திருக்கும் கதவு உங்கள் பெண்ணுக்கும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் ஹாக்கி என்றால் விளையாட்டு விடுதி, அப்புறம் ரயில்வே வேலை என்ற ஒரே தடத்தில் யோசிக்கிறோம், படிப்பைப் பாதியில் தளர விட்டுவிடுகிறோம். இவர்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு வருட மதிப்பெண்களையும் பார்ப்பார்கள், ஆகவே ஒன்பதாவது மார்க் ஷீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பள்ளி முடித்து ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி விட்டால் கல்லூரியில் ஆடும் வருடங்கள் குறைய வாய்ப்புண்டு. கோச்சுகள் பெரும்பாலும் வீடியோவைப் பார்த்துத்தான் முதலில் பதில் போடுகிறார்கள். கோலை மட்டும் வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு அனுப்பாமல், ஒரு முழு ஆட்டத்தை, பந்து அவளிடம் இல்லாத நேரத்தில் எங்கே ஓடுகிறாள் என்பது தெரிகிற மாதிரி கொஞ்சம் உயரத்திலிருந்து எடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நியூ ஜெர்சி