ஆளுக்கு 18 விநாடி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. நாலு ஓரத்திலும் அப்பியிருந்த மஞ்சளைப் பார்த்ததுமே அம்மாவின் கை என்று தெரிந்துவிட்டது. ஆவணியில் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், தர்மபுரியில் மண்டபம், எல்லாம் சரி. திங்கள் ராத்திரியே பெங்களூரில் ஃப்ளைட் என்றாயே, அதுதான் எனக்கு இடிக்கிறது.

மும்பைப் பெரியப்பா முட்டிவலியோடு ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து வருகிறார். சென்னைச் சித்தி வீட்டில் ஆறு பேர். இவர்களோடு எப்போது பேசப் போகிறாய்? சனிக்கிழமை ரிசப்ஷனிலா? 600 பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். 3 மணி நேரம் மேடையில் நின்றால் ஆளுக்கு 18 விநாடி. செருப்பைக் கழற்றி மேலே ஏறுவதும், "சார், இங்க பாருங்க" என்று கேமராக்காரர் கத்துவதும் அதற்குள்ளேயேதான்.

என் கல்யாணக் கதை உனக்குத் தெரியாது, நீ அப்போது எட்டாவது. காவேரிப்பட்டணத்தில் மண்டபம். கோலார் தங்கவயல் அத்தை பஸ் மாறி மாறி, ரெண்டு நாள் முன்னாடியே வந்துவிட்டாள். (2001-ல் சுரங்கத்தை மூடின பிறகும் மாமா அந்த ஊரைவிட்டு நகரவில்லை.) வந்தவளைத் தாம்பூலப் பை போட உட்கார வைத்தோம். தேங்காய், வெற்றிலை, பாக்கு. மறுபடி தேங்காய், வெற்றிலை, பாக்கு. நடுவில் ஒருதரம் எழுந்து வந்து, "கண்ணு, ஒரு நிமிசம்" என்றாள். எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். "இதோ அத்தை" என்றேன். தாலி கட்டி முடிந்த கையோடு படம் எடுக்க கிருஷ்ணகிரி அணைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். திரும்பி வருவதற்குள் அத்தை பஸ் ஏறிவிட்டாள்.

மூணு வாரம் கழித்து மொய் நோட்டைப் புரட்டினேன். 501-க்கும் 1001-க்கும் நடுவில் ஒரு வரி: 'கோலார் அத்தை, வெள்ளிக் கொலுசு 1 ஜோடி.' என் காலில் தானே மாட்டிவிட வந்தவள், மொய் எழுதுகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். போன் போட்டேன். "நீ வேலையா இருந்த கண்ணு" என்றாள்.

அதனால் சொல்கிறேன், ஃப்ளைட்டை வியாழக்கிழமைக்குத் தள்ளு. பணம் கொஞ்சம் போகும், போகட்டும். மறுவீடு திங்களோடு முடிந்துவிடும். செவ்வாய், புதன் ரெண்டு நாளும் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார். களி கிண்டி நாட்டுக்கோழிக் குழம்பு வைக்கச் சொல்கிறேன். பெரியப்பா களி தின்று எத்தனை வருசம் ஆச்சோ. கேமராக்காரர் வேண்டாம். ஞாயிறு காலைப் பந்தியில் ஆபீஸ் நண்பர்களை விட்டுவிட்டு, நீங்கள் ரெண்டு பேரும் வெளியூர்க்காரர்கள் வரிசையில் இலை போட்டு உட்காருங்கள். உன் நண்பர்களைத்தான் பெங்களூரில் தினமும் பார்க்கிறாயே.

எல்லாரையும் ஒகேனக்கல் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிடாதே. கர்நாடகத்தில் அணை நிரம்பித் தண்ணீர் திறந்தால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், ஆவணியில் அதற்கு வாய்ப்பு அதிகம். பென்னாகரம் வரைக்கும் போய்த் திரும்புவதைவிட அதியமான்கோட்டை பைரவர் கோயில் பக்கம், சித்தியும் ரொம்ப நாளாகக் கேட்கிறாள்.

இன்னொன்று. சென்னை - சேலம் ரயில் தர்மபுரியைத் தொடாது, சித்தி மொரப்பூரில்தான் இறங்கணும். அங்கிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். 1906-ல் வெள்ளைக்காரன் போட்ட சின்ன லைன் இருந்திருந்தால் ஜம்மென்று வந்திருப்பாள், அதைத்தான் எப்போதோ எடுத்துவிட்டார்களே. 'ஆட்டோ பிடிச்சு வந்துடுங்க' என்று மட்டும் சொல்லிவிடாதே. மொரப்பூருக்கு வண்டி நான் பேசிவிட்டேன், டிரைவர் நம் ஊர்ப் பையன்தான். பெரியப்பாவை அழைக்க நீயே ஸ்டேஷனுக்குப் போ. அன்றைக்கு உனக்கு ஃபேஷியல் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். அதை ரத்து பண்ணிவிட்டு எனக்கு மெசேஜ் போடு.

அன்புடன்,
அக்கா