ஸ்மார்ட் வாட்ச் தகவலை இணைக்கும் மென்பொருள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியோருக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தருவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அதில் பதிவாகும் தகவல் எங்கே போய்ச் சேருகிறது என்பதைத் தொடவில்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வீடுகளில் ஆச்சியிடம் ஆண்ட்ராய்டு போனும், சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் ஐபோனும் இருப்பது புதிதல்ல. உடல்நலத் தகவலைப் போனில் சேமித்துச் செயலிகளுக்குத் தரும் அமைப்புகளான, ஐபோனுக்காக ஆப்பிள் 2014-இல் கொண்டுவந்த ஹெல்த்கிட்டும், கூகுள் 2022-இல் அறிவித்துப் பின்னர் ஆண்ட்ராய்டு 14-இல் உள்ளிணைத்த ஹெல்த் கனெக்டும் தங்களுக்குள் நேரடியாகத் தகவலைப் பரிமாறிக்கொள்வதில்லை. இடையில் ஒரு மென்பொருள் தேவைப்படுகிறது. அது, மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இணைப்பது வெறுமனே எண்களை நகலெடுக்கும் வேலையன்று. இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேர வேறுபாட்டை ஹெல்த்கிட் எஸ்டிஎன்என் (SDNN) என்ற அளவாகவும், ஹெல்த் கனெக்ட் வேறொரு முறையில் கணக்கிடப்படும் ஆர்எம்எஸ்எஸ்டி (RMSSD) என்ற அளவாகவும் பதிகின்றன. இரண்டும் மில்லி விநாடியில்தான் குறிக்கப்படுகின்றன. ஆனால் ஒன்றின் எண்ணைக் கொண்டு மற்றதைக் கணக்கிட வழியில்லை. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறிய ஒருவரின் பழைய, புதிய அளவுகளை ஒரு செயலி ஒரே கோட்டில் வரைந்துவிட்டால், போன் மாறியதை உடல்நிலை மாறியதாக மருத்துவரும் எடுத்துக்கொள்ள நேரும். நடையின் எண்ணிக்கையிலும் சிக்கல் உண்டு: போனும் வாட்சும் தனித்தனியே எண்ணிய அடிகளை அப்படியே கூட்டுவது, ஒரே வரவைப் பேரேட்டில் இருமுறை ஏற்றிய கணக்குப்பிள்ளையின் வேலைதான். மூலநிரல் திறந்திருந்தால் இத்தகைய பிழையை யாரேனும் கண்டு திருத்தலாம். மூடியிருந்தால் விளம்பரத்தை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. கேட்ஜெட்பிரிட்ஜ் என்னும் திறந்த மூல ஆண்ட்ராய்டு செயலி, பல நிறுவனங்களின் வாட்ச், பேண்டுகளிலிருந்து தகவலை வாங்கி, தயாரிப்பாளரின் சர்வருக்கு அனுப்பாமல் போனிலேயே சேமிக்கிறது. சில வாட்சுகளுக்கு முதலில் தயாரிப்பாளரின் செயலி வழியாகவே இணைப்புக்கான ரகசியக் குறியீட்டை (சாவி) பெற வேண்டியிருப்பது உண்மைதான். அந்தத் தொல்லைக்காகவே சிலர் இதைக் கைவிடக்கூடும்.

அழகப்பா பல்கலைக்கழகமும் இப்பகுதிப் பொறியியல் கல்லூரிகளும் இறுதியாண்டு மாணவர்களுக்கு இந்த இணைப்பு மென்பொருளை எழுதுவதைத் திட்டப்பணியாகத் தரலாம். மருத்துவ ஆவணங்களை டிஜிட்டல் முறையில் இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன், அவற்றுக்கு ஃபயர் (FHIR) என்னும் பொதுத் தரத்தைப் பின்பற்றுவதால், மாணவர்கள் எழுதும் மென்பொருளும் அதே வடிவில், எந்தக் கருவி எந்த முறையில் அளந்தது என்ற குறிப்போடு தகவலைத் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.