தம்பிக்கு அம்மா எழுதுறது, பார்சல பிரிக்கும்போது படி

தம்பி நல்லா இருக்கியா, மருமக, பேரன், பாப்பா எல்லாரும் சுகமா, நாங்க சுகம். அப்பா ரெண்டு நாளா தொழிலுக்கு போகல, வலை பூரா கிழிஞ்சு கெடக்கு, வாசல்ல ஒக்காந்து பொத்துக்கிருக்காக. பார்சல இன்னைக்கு ராத்திரி திருப்பூர் பஸ்ல ஏத்தி விட்டாச்சு, காலையில போயி வாங்கிக்க. இத நான் ரெண்டு நாளா போன்ல தட்டிக்கிருக்கேன், கண்ணாடி போட்டும் எழுத்து எறும்பாட்டம் தெரியுது, தப்பு இருந்தா நீயே சரியா படிச்சுக்க. பேசலாம்னா நீ சரிம்மா சரிம்மான்னு வச்சிருவ, அப்புறம் எது எதுக்குன்னு தெரியாம அம்புட்டையும் மருமக தலையில கட்டிருவ. அதான் ஒனக்குன்னே எழுதுறேன், அவளுக்கு இல்ல. அவளும் ஒன்னாட்டம் கம்பெனிக்கு போயிட்டுத்தான வர்றா.

மாசக்கடைசி கைய கடிக்குதுன்னு சொன்னேல்ல, கடை பில்ல போட்டோ எடுத்து அனுப்புடான்னேன், அனுப்புன. அத பெருசாக்கி பெருசாக்கி பாத்தேன். அரிசி பருப்பு எண்ணெய்க்கு ஆன காசுக்கு கிட்டத்துல வந்து நிக்குது பாலுல கலக்குற அந்த டின் மாவு ரெண்டு, கார்ன்பிளேக்ஸ், ஜெல்லி கப்பு, கிரீம் பிஸ்கட்டு, டப்பா ஜூஸ். அது போக பேட்டரி காரு 450 ரூபா, மூணாம் நாளே சக்கரம் கழண்டுருச்சுன்னு பேரன் வீடியோ கால்ல காட்டி அழுதானே அதுதான. ஒன்ன குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல. நானும் ஒனக்கு டின் மாவு வாங்குனவதான். நீ ரெண்டாப்பு படிக்கையில பக்கத்து வீட்டுல வாங்குறாகன்னு ஒரு டின்னு வாங்கி தெனம் ஒரு ஸ்பூனுன்னு மூணு மாசம் இழுத்தேன், பாலு கலரு மாறுச்சு அம்புட்டுத்தான், நீ அப்பவும் ஒல்லிக்குச்சி. அந்த டின்னு இன்னும் அடுப்படியில இருக்கு, மொளகா போட்டு வச்சிருக்கேன்.

சரி பார்சலுக்கு வாரேன். மஞ்சப்பையில இருக்கிறது கேப்பை 3 கிலோ, அங்க ராகிம்பாக. அங்கயே கடையில கிலோ 50, 60 ரூபாய்க்கு கெடைக்கும், அடுத்ததுக்கு நீயே வாங்கிக்க. ஞாயித்துக்கெழம லீவு தான, சனிக்கெழம ராத்திரியே ஒரு கிலோவ நல்லா அரிச்சு ஊறப்போட்டுரு, காலையில தண்ணிய வடிச்சு வெள்ளத்துணியில கட்டி தொங்க விடு, துணி காயக்காய தண்ணி தெளிச்சுக்க, இந்த வெயிலுக்கு மறுநாளே மொளை விட்ரும். எள்ளு நீளம் மொளச்சா போதும், விட்டா புளிச்ச வாடை வந்துரும். அத மொட்ட மாடியில சொளகுல பரப்பி காய வச்சு (சொளகும் வச்சிருக்கேன், பத்திரம், அது எங்க அம்மா மொடஞ்சது), வெறும் சட்டியில வாசம் வர்ற வரைக்கும் வறுத்து மில்லுல குடு. மில்லுக்காரர்கிட்ட இதுக்கு முன்னாடி மொளகா அரைச்சீகளான்னு கேட்டுட்டு போடு. நான் ஒருக்கா கேக்காம போட்டுட்டேன், அந்த கூழ குடிச்சிட்டு நீ தெரு பூரா கேக்குற மாதிரி கத்துன, ஒங்க ஆத்தா என்னைய ஒரு வாரம் வஞ்சாக.

மொளகட்டுன மாவுல ஒரு விசேசம் இருக்குடா, நம்ம அங்கன்வாடி டீச்சர் சொன்னா. சாதா மாவ காச்சுனா களியாட்டம் எறுகிப்போகும், புள்ள முழுங்காதுன்னு நாம தண்ணிய ஊத்தி ஊத்தி நீத்துருவோம், வயிறு தண்ணியிலயே ரொம்பிரும். மொளகட்டுன மாவு இளகியே நிக்கும், அதனால அதே கிண்ணத்துல மாவு கூடப் போடலாம், சின்ன வயித்துக்குள்ள சத்து கூடப் போகும். நூறு கிராம் கேப்பையில 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியமாம், பாலுல நூறு மில்லிக்கு 120 கிட்டத்தானாம். அதுக்காக சிக்கனம்னு பால நிறுத்திப்புடாத, முட்டையையும் நிறுத்தாத, நான் நிறுத்தச் சொல்றது அந்த டின்ன மட்டும்தான்.

பாப்பாவுக்கு எட்டு மாசம்தான, அதுக்கு கூழுல உப்பும் வேணாம் சீனியும் வேணாம், கருப்பட்டி அனுப்பிருக்கேன்னு அத கரைச்சு ஊத்திறாத, இனிப்புக்கு ரெண்டு வயசு ஆகட்டும். தேனும் கூடவே கூடாது. நம்ம வீட்டுல தேன நாக்குல தடவுறது வழக்கம்தான், ஒனக்கும் தடவுனாக, நல்லவேளை ஒன்னும் ஆகல, ஒரு வயசுக்குள்ள தேனுல உள்ள கிருமி புள்ளைக்கு கை கால தொவள வச்சு மூச்சையே நிறுத்திருமாம், நர்ஸம்மா என் கையப் பிடிச்சு சொல்லிட்டுப் போச்சு. அப்புறம் ஒங்க தெருவுக்கு கிட்ட அங்கன்வாடி எங்க இருக்குன்னு கேட்டு பாப்பா பேர பதிஞ்சிரு, சத்துமாவு சும்மாவே குடுப்பாக. சம்பளம் வாங்குற நாம போயி நிக்கலாமான்னு யோசிக்காத, அது புள்ளைக்கு குடுக்குறது.

ஓலைக் கொட்டான்ல குருதவாலி இருக்கு, அதான் குதிரைவாலி அரிசி, நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து வெள்ளாமை. அத ஒனக்கு சொல்லவே வேணாம், ஒண்ணுக்கு மூணு தண்ணி, கேரட்டு பீன்ஸ போட்டு உப்புமாவா கிண்டுனா கால் மணி நேரத்துல காலை சாப்பாடு முடிஞ்சது, கார்ன்பிளேக்ஸ மறந்துரலாம்.

பாலித்தீன் மூணு சுத்து சுத்தி இருக்குல்ல, அது நெத்திலி கருவாடு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு தடைக்காலம், விசைப்படகு எறங்காது, நம்ம வள்ளம் போகலாம், ஆனா வள்ளத்து மீனு ஒங்க ஊரு வரைக்கும் எங்க வரப்போகுது, வந்தாலும் வெலை கூரைய பிச்சுக்கிட்டு போகும். அதுக்குத்தான் இது. சுடுதண்ணியில போட்டு ரெண்டு தடவ அலசி, தலைய கிள்ளிப்போட்டு, அரிசி களஞ்ச தண்ணியில கொஞ்ச நேரம் கெடக்கட்டும், உப்பு எறங்கும். அப்பயும் வாரத்துக்கு ஒருக்காதான், அப்பாவுக்கு பிரஷர் எதுனால வந்துச்சுன்னு ஒனக்கே தெரியும், மூணு வேளையும் கருவாடு இல்லாம கஞ்சி எறங்காது அவுகளுக்கு. பாப்பாவுக்கு காட்டவே காட்டாத.

இன்னும் தடை தொடங்க ஒரு வாரம் கெடக்கு, அதுக்குள்ள ரெண்டு தடவ பச்சமீன் வாங்கிரு. நீ போன வாரம் வஞ்சிரம் வாங்குனேன்னு பெருமையா சொன்ன, எனக்கு பகீர்னுச்சு. கடக்கரையில பொறந்த புள்ள மீன் கடையில பேர பாத்து வாங்குதேன்னு. சாளை வாங்குடா, அங்க மத்தின்னு சொல்லுவான், வஞ்சிரம் வாங்குற காசுல மூணு நாளு சாளை திங்கலாம், மூளைக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்ற மீன் எண்ணெ அதுலதான் வழியுது. கண்ணு பளிச்சுன்னு முழிச்சிருக்கணும், செவுள தூக்குனா செவப்பா இருக்கணும், அமுக்குனா குழி விழாம மேல வரணும், இதெல்லாம் அஞ்சு வயசுல தெரிஞ்சு வச்சிருந்தவன் நீ. பேரனுக்கு முள்ளு பயம்னு மருமக சொன்னா. அதுக்கு ஒரு வழி, சுத்தம் பண்ணுன சாளைய குக்கர்ல அடுக்கி புளித்தண்ணி, மஞ்சத்தூளு, உப்பு, ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெ, நாலு பூண்டு போட்டு விசில் வந்ததும் சிம்ல வச்சு அரை மணி நேரம் விட்ரு. முள்ளு மாவாட்டம் நசுங்கும், அந்த முள்ளுலதான் கால்சியமே. ஆனாலும் ஒன் வெரலால ஒரு தடவ நசுக்கிப் பாத்துட்டு ஊட்டு. சுத்தம் பண்றது நீதான், கத்திரிக்கோல எடுத்து வாசல்ல ஒக்காரு, பேரன் பாக்கட்டும், பூனை வந்தா அவனுக்கு வெளையாட்டும் ஆச்சு.

குழம்புக்கு சின்ன பையில குண்டு மொளகா இருக்கு, ஆமா அந்த டின்னுல இருந்து எடுத்ததுதான். 2023ல நம்ம ராமநாதபுரம் குண்டு மொளகாய்க்கு புவிசார் குறியீடு குடுத்தாக, டவுனுல எல்லாரும் பேசுனாக, கமிஷன் கடையில எங்க வெலை அப்பயும் அப்படியேதான் இருந்துச்சு, அது வேற கதை.

ஜெல்லி கப்பு இனிமே வாங்காத, வழுக்கிட்டுப் போயி தொண்டையில அடைக்கும். அதுக்குப் பதிலா வெள்ளையா நாராட்டம் ஒரு கட்டு வச்சிருக்கேன் பாரு, அது கடல்பாசி. கீழக்கரையில நோம்பு தெறக்க செய்வாகளே, நீ சலீம் வீட்டுல தின்னுட்டு வந்து நம்ம வீட்டுலயும் கேப்பியே, அதுதான். 10 கிராம் பாசிய ஊறவச்சு அரை லிட்டர் தண்ணியில கரையுற வரைக்கும் கொதிக்கவிட்டு வடிகட்டி, அரை லிட்டர் காச்சுன பாலும் கொஞ்சம் கருப்பட்டிப் பாகும் சேத்து தட்டுல ஊத்து, பிரிட்ஜ் இல்லாமயே ஒறஞ்சிரும். பேரனுக்கு பொடிப்பொடியா வெட்டிக் குடு, ஒக்கார வச்சுக் குடு. இந்த பாசிக்கு மூலம் நம்ம பொம்பளைக கடலுக்குள்ள முங்கி எடுக்குற கஞ்சிப்பாசிதான், ஒங்க சின்னம்மா கையப் பாத்திருக்கேல்ல, வெரலுக்கெல்லாம் துணி சுத்திக்கிட்டு போயும் பாறை கிழிச்ச கோடு கோடா இருக்கும்.

பதநீர் கேட்ட. அனுப்பல. போன வருசம் பாட்டில்ல ஊத்தி அனுப்புனேன்ல, மதுரை தாண்டுறதுக்குள்ள நொரைச்சு மூடி தெறிச்சு பஸ்ஸு பூரா கள்ளு வாடை, கண்டக்டர் எனக்கே போன் போட்டு வஞ்சாரு. கருப்பட்டிதான் இருக்கு, 2 கிலோ, காச்சுற எடத்துலயே நின்னு வாங்குனது.

இப்ப சாமான்ல எனக்கு புடிச்சது, அடியில நியூஸ் பேப்பர்ல சுத்தி இருக்கு பாரு, குருத்தோலை. போன வாரம் குருத்தோலை ஞாயிறுக்கு மேலத்தெரு கோயிலுக்கு வெட்டுனதுல மிச்சம், நெழலுல காயவச்சு ஈர்க்க கிழிச்சு எடுத்துட்டேன். ரெண்டு கிலுகிலுப்பை நானே மொடஞ்சு வச்சிருக்கேன் பாப்பாவுக்கு. உள்ள நாலு புளியங்கொட்டை. எங்க அப்பா பனையில இருந்து எறங்குனதும் எங்களுக்கு மொடஞ்சு குடுப்பாரு, அதுல குன்றிமணி போடுவாரு, செவப்பும் கருப்பும் எட்டிப்பாக்கும், அம்புட்டு அழகு. ஆனா அது வெசம், கடிச்சு ஒடச்சு முழுங்குனா உசுருக்கே ஆபத்து, அதனால நீ எங்கயாச்சும் பாத்தாலும் புள்ளைக கையில குடுக்காத. ஓலை தளந்து கொட்டை தெரிஞ்சாலும் யோசிக்காம தூக்கிப்போட்ரு, வேற மொடஞ்சுக்கலாம், காசா பணமா. மிச்ச ஓலையில பேரனுக்கு காத்தாடி நீ செய்யணும். அப்படியே மடக்காத, ஒடியும், அரை மணி நேரம் தண்ணியில போட்டு ஈரத்துணியில சுத்தி வச்சா துணியாட்டம் வளையும். ஓரம் கைய அறுக்கும், நீ மடக்கு, அவன் ஓடட்டும். மறந்துபோச்சுன்னா ராத்திரி வீடியோ கால் போடு, அப்பா காட்டுவாக, அவுகளுக்கு அதவிட என்ன வேலை.

இன்னொன்னு, அந்த காருக்கு அழுதான்ல, அங்க ரோட்டோரம் நுங்கு வித்தா, நுங்க எடுத்த வெறுங்காய, அதான் கோந்தைய, தூக்கிப் போட்றாம ரெண்டு ஒரே அளவா கேட்டு வாங்கியா. நடுவுல ஒரு குச்சிய சொருகி ரெண்டையும் சேத்து, கவட்டைக் கம்ப வச்சு தள்ளுனா வண்டி. நீ அத தள்ளிக்கிட்டே கடக்கரை வரைக்கும் போயி செருப்ப தொலச்சவன். நாலு நாளுல காஞ்சு சுருங்கிரும், சுருங்குனா அடுத்த நுங்கு.

நீ பனியன் கம்பெனியில இருந்துக்கிட்டு துணி பொம்மைய கடையில வாங்குறதுதான் எனக்கு ஆகவே இல்ல. கட்டிங் வேஸ்ட்டு கிலோ கணக்குல விக்கிறாகன்னு நீதான சொன்ன. வெள்ளை காட்டனா பாத்து வாங்கி, ஒருக்கா சுடுதண்ணியில அலசி காயவச்சு, நீளநீளமா கிழிச்சு சடை பின்னி சுத்தி தச்சா மிதியடி, பழைய காலுறைக்குள்ள திணிச்சு வாய தச்சா பந்து, அது ஜன்னல்ல பட்டாலும் ஒடையாது, ஹவுஸ் ஓனரும் வைய மாட்டாக. பொம்மைக்கு கண்ணு வைக்கிறப்ப பட்டன் தைக்காத, பாப்பா பிச்சு வாயில போடும், நூலுலயே போடு. பாப்பாவுக்கு பகல்ல கட்டுறதுக்கும் அந்த துணியே போதும், ராத்திரிக்கு மட்டும் டயப்பர வச்சுக்க, நீங்களும் தூங்கணும்ல.

சிப்பி கேட்டான்ல பேரன், கரையில ஒதுங்குன மட்டி ஓடு ஒரு கை பொறுக்கி சோப்பு போட்டு வேகவச்சு காயவச்சிருக்கேன், கயிறுல கோத்து ஜன்னல்ல கட்டு, காத்துக்கு சத்தம் வரும். பவளப்பாறை துண்டு கேட்டான், அத எடுத்தா கேசு, அப்பா முடியாதுன்னுட்டாக, அவன்கிட்ட நீயே சொல்லிரு.

அம்புட்டையும் ஒரே வாரத்துல செய்யணும்னு இல்ல, இந்த ஞாயிறு கேப்பைய மட்டும் ஊறப்போடு. கொட்டானையும் மஞ்சப்பையையும் தூக்கிப்போடாம வச்சிரு, சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது கொண்டாந்தா போதும், வரும்போது வெள்ளை வேஸ்ட்டு ரெண்டு கிலோ வாங்கியா, ஒங்க சின்னம்மா மகளுக்கு இது ஒன்பதாம் மாசம், தொட்டிலுக்கு கீழ விரிக்க நான் தச்சுக் குடுக்கணும். கலரு வேணாம், சாயம் போகும்.

அம்மா