புதிய பதிப்பில் விசைப்பலகையால் பில் போட முடியாமை குறித்த புகார்

அனுப்புநர்:
கணக்காளர், மீன் கமிஷன் கடை,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தங்கள் கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பை மவுஸ் இல்லாமல் இயக்க முடியாதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

நான் பார்வையற்றவன். என்னோடு இதே கடையில் பில் போடும் தம்பிக்கு மூளை முடக்குவாதத்தால் விரல்கள் நடுங்கும் என்பதால், மவுஸை ஓரிடத்தில் நிறுத்திப் பிடிக்க அவரால் இயலாது. என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான் சொல்வதைக் கேட்டு நானும், விண்டோஸின் ஸ்டிக்கி கீஸ் வசதியைக் கொண்டு விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தி அவரும், தங்கள் பழைய பதிப்பில் யார் துணையுமின்றி வேலை பார்த்து வந்தோம். விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் முடிக்கலாம் என்பதற்காகத்தான் முதலாளியிடம் எடுத்துச் சொல்லி இந்த மென்பொருளை வாங்கச் செய்தேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் புதிய பதிப்பு தானாகவே ஏறிவிட்டது. அப்போது வரத்து இல்லாததால் குறை வெளியே தெரியவில்லை. தடை முடிந்து படகுகள் கரை திரும்பி, ஏலம் முடிந்த சரக்கோடு லாரி வாசலில் நின்றபோதுதான் ஒரு பில்லைக்கூட முடிக்க முடியவில்லை என்பது தெரிந்தது.

தேதிக் கட்டத்துக்கு வந்ததும் காலண்டர் திறந்துகொள்கிறது. அதன்பின் டேப் விசையை அழுத்த அழுத்த, ஒன்று, இரண்டு, மூன்று என்று மாதக் கடைசி வரை வாசித்துவிட்டு மறுபடியும் ஒன்றுக்கே வருகிறதே தவிர, அடுத்த கட்டத்துக்கு நகர்வதில்லை. எஸ்கேப் அழுத்தினாலோ, காலண்டரோடு சேர்ந்து பில்லும் மூடிக்கொண்டு, அதுவரை அடித்த நண்டு, கணவாய் எடையெல்லாம் அழிந்துபோகிறது. விசைப்பலகையால் நுழைந்த இடத்திலிருந்து விசைப்பலகையாலேயே வெளியேற முடிய வேண்டும் என்பதை, இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்காக 2008இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல் நெறிமுறைகள் அடிப்படை நிலையான ‘ஏ’ நிலையிலேயே வைத்திருக்கின்றன. சேமி, அச்சிடு ஆகிய பொத்தான்களுக்குப் பெயர் கொடுக்காததால் திரைவாசிப்பான் இரண்டையும் வெறுமனே ‘பட்டன்’ என்றே படிக்கிறது.

தம்பியின் சிரமம் வேறு வகையானது. அவருக்குப் பார்வை உண்டு. ஆனால், தேர்வான கட்டத்தைச் சுற்றியிருந்த கோட்டை நீக்கிவிட்டதால், தாம் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரிவதில்லை. நிதானமாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே முன்னறிவிப்பின்றி மென்பொருள் அவரை வெளியேற்றிவிடுகிறது. கூடுதல் நேரம் கேட்க 20 நொடியாவது அவகாசம் தர வேண்டும் என்பதும் அதே நெறிமுறைகளில் உள்ளதுதான்.

தங்கள் சேவை மையத்தை அழைத்தபோது, கண் தெரிந்த ஒருவரை விட்டு மவுஸால் கிளிக் செய்யச் சொல்லுங்கள் என்றார்கள். அந்தப் பதில் என்னை மிகவும் வருத்தியது. எந்தப் படகுக்கு என்ன விலை போயிற்று, யாருக்கு எவ்வளவு முன்பணம் என்பதெல்லாம் எங்களை நம்பி ஒப்படைக்கப்பட்ட கணக்கு; கடவுச்சொல்லோடு அதை வெளியாளிடம் கொடுக்க முடியாது. மேலும், எங்கள் வேலையை இன்னொருவர் செய்ய வேண்டுமென்றால் எங்களுக்கு அங்கே வேலை எதற்கு?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, அணுகல் விதிகளின்படி சேவை வழங்கும் கடமையை அரசு, தனியார் இரு தரப்புக்குமே விதித்துள்ளது. டிஜிட்டல் அணுகல், அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்துள்ளது.

எனவே, இக்குறைகள் சரியாகும்வரை பழைய பதிப்பை எங்கள் கணினியில் மீண்டும் நிறுவித் தருமாறும், பயன்படுத்த முடியாத காலத்துக்கான சந்தாவைத் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பதிப்பை வெளியிடும் முன் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பில்லை முழுமையாகப் போட்டுப் பாருங்கள். சோதித்துச் சொல்ல எங்கள் இருவருக்கும் சம்மதம். எந்தத் தேதிக்குள் சரிசெய்வீர்கள் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும். பதிலைப் படமாக அனுப்பினால் திரைவாசிப்பானால் படிக்க இயலாது என்பதால், மின்னஞ்சலில் எழுத்தாகவே அனுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்