தீத்தடுப்பு நிதி: மே 16 கூட்டம்

கலிபோர்னியாவின் மரின் கவுண்டி தமிழ்க் குடும்பங்களுக்கு வணக்கம்.

2020 மார்ச்சில் வாக்காளர்கள் நிறைவேற்றிய மெஷர் சி என்ற காட்டுத்தீத் தடுப்பு வரியை, கட்டடத்தின் சதுர அடிக் கணக்கில் செலுத்திவருகிறோம்; தொடக்கத்தில் அது ஒவ்வொரு சதுர அடிக்கும் 10 சென்ட் வரை இருந்தது. அந்த வரிப்பணத்தில் 60 விழுக்காடு புதர் அகற்றல், வெளியேறும் பாதைகள் போன்ற பொதுப் பணிகளுக்கும், 20 விழுக்காடு வீடுதோறும் நடக்கும் ஆய்வுக்கும், எஞ்சிய 20 விழுக்காடு உள்ளூர்த் தேவைகளுக்கும் ஒதுக்கப்படுகிறது. இந்தக் கடைசிப் பங்குக்கான நம் கோரிக்கையை எழுத, மே 16 சனிக்கிழமை காலை 10 மணிக்கு இணையவழியில் கூடுகிறோம்.

1. உங்கள் தெருவில் காய்ந்த மரங்களும் அடர்ந்த புதர்களும் உள்ள இடங்களைக் குறித்து வாருங்கள்.
2. வீட்டுச் சுவரிலிருந்து 5 அடிக்குள் கிடக்கும் விறகையும் சருகையும் இப்போதே அகற்றுங்கள். பறந்துவரும் தீப்பொறிக்கு அவையே போதும்.
3. குறைந்த வருமானமுள்ள மூத்தோர் வரிவிலக்குக் கோரலாம், விண்ணப்பிக்க உதவுகிறோம்.
4. வருகையை மே 13க்குள் இங்கேயே தெரிவியுங்கள்.