மலையேற்ற வளைவில் எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்

லங்காவி சைக்கிளோட்ட ஏற்பாட்டுக் குழுவினருக்கும் தாப்பா மாவட்ட மன்றத்தாருக்கும் வணக்கம்.

மலேசியாவின் தாப்பாவில் புகைப்படக் கடை நடத்துபவன், சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் இளைஞர்களுக்குக் கேமரா பழக்குபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். 1996 முதல் நடந்துவரும் உங்கள் பந்தயத்தின் பாதை ஆண்டுக்காண்டு மாறுவதை அறிவோம். அது எங்கள் ஊர்ச் சாலை வழியே கேமரன் மலைக்கு ஏறும் ஆண்டில், ஏற்றத்தின் ஒரு வளைவில் உள்ளூர் இளம் படப்பிடிப்பாளர்களுக்கென்று கயிறு கட்டிய ஓர் இடத்தை ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.

ஏற்றத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சமதரையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் வீரர் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறார். கேமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டர் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்தாலும், அதற்குள் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறார். அவரைத் தெளிவாகப் பிடிக்க, விரைந்து குவியும் கேமராவும், தோட்டத் தொழிலாளியின் பல மாதச் சம்பளத்தை விழுங்கும் தொலைநோக்கு லென்சும் வேண்டும். அதே வீரர் செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 18 கிலோமீட்டருக்குத் தளரும்போது நொடிக்கு 5 மீட்டர்தான் நகர்கிறார். அங்கே பழைய கேமராவும் 50 மில்லிமீட்டர் லென்சும் போதும். புருவத்தில் நிற்கும் வியர்வையும், கைப்பிடியை இறுக்கும் விரல்களும் படத்தில் வந்துவிடும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நொடியின் முப்பதில் ஒரு பங்காக நீட்டி, கால்களை அசைக்காமல் இடுப்பை மட்டும் வீரரோடு திருப்பினால், அவர் முகம் தெளிவாகவும் பின்னாலுள்ள மூங்கில் காடு பச்சைக் கோடுகளாகவும் பதியும். தமிழ்ப்பள்ளி ஓட்டப்பந்தயங்களிலும் தோட்டத் திடல் காற்பந்திலும் இதைப் பழகிய பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். உலகத் தரத்து வீரர்களை அருகில் நின்று எடுக்கும் வாய்ப்புத்தான் அவர்களுக்கு இதுவரை வாய்க்கவில்லை.

அருகில் நிற்பது ஆபத்து என்று நீங்கள் கூறுவீர்கள், அது உண்மையே. 1994ஆம் ஆண்டு பிரான்ஸ் சைக்கிளோட்டத்தில், அர்மாந்தியேர் நகரின் முடிவுக்கோட்டருகே, காவலுக்கு நின்றிருந்த போலீஸ்காரர் ஒருவரே படமெடுக்க முன்னால் சாய்ந்ததால் நெலிசன், ஜலாபேர் என்னும் வீரர்கள் மோதி விழுந்து படுகாயமுற்றனர். 1999இல் அதே போட்டியில், ஆல்ப் துவேஸ் மலையில் தனியே முன்னேறிக்கொண்டிருந்த குவேரினி என்னும் வீரரைக் கேமராவுடன் சாலை நடுவே வந்துவிட்ட ஒரு பார்வையாளர் வீழ்த்தினார். எழுந்து சென்று குவேரினி அன்றைய கட்டத்தை வென்றது அவருடைய நல்லூழ். அகன்ற லென்ஸ் வழியே பார்ப்பவருக்கு, ஐந்தடியில் வந்துவிட்ட வீரரும் இன்னும் தொலைவில் இருப்பதாகவே தோன்றும். கைப்பேசித் திரையும் அப்படித்தான் ஏமாற்றும். ஆகவே கயிறு கட்டிய இடமும், முன்கூட்டிய பயிற்சியும் இல்லாவிட்டால்தான் ஆபத்து கூடும் என்பது என் உறுதியான கருத்து. தடை செய்தாலும் மக்கள் சாலையோரத்தில் கூடத்தான் செய்வார்கள். கேமராக்களும் கைப்பேசிகளும் நீளத்தான் செய்யும்.

எனவே, பந்தயத்துக்கு முந்தைய நாள் மாலை ஊர் மண்டபத்தில் தமிழிலும் மலாயிலும் ஒரு மணி நேர விளக்கக் கூட்டம் நடத்தித் தாருங்கள். கயிற்றைத் தாண்டி லென்ஸ் நீளக்கூடாது, ஃபிளாஷ் கூடாது, கேமராப் பட்டையை வெளியே தொங்கவிடக்கூடாது என்பவற்றை உங்கள் அதிகாரியே சொல்லட்டும். முன்னணி வீரர்கள் கடந்ததும் பந்தயம் முடிந்ததென்று எண்ணிச் சாலையில் இறங்குவோர் பலர். பின்தங்கிய வீரர்களும், குழுக்களின் கார்களும், மோட்டார் சைக்கிள்களும் தொடர்ந்து வருவதை அவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். இறக்கச் சாலையில் எங்களுக்கு இடமே வேண்டாம். அங்கே சக்கரம் வழுக்கினால் வீரர் வளைவின் வெளிப்புறமாகத்தான் வீசப்படுவார்.

ஊடக அட்டையுடன் மோட்டார் சைக்கிளில் செல்லும் படப்பிடிப்பாளர்களின் பணியை மிகவும் மதிக்கிறேன். ஆனால் அவர்களுடைய படங்களில், காலையில் செம்பனைக் குலை வெட்டிவிட்டு வேலை உடையோடு வந்து கைதட்டும் எங்கள் மக்கள் பெரும்பாலும் மங்கிய பின்னணியாகவே இருந்துவிடுகிறார்கள். வீரரையும் கைதட்டுபவரையும் ஒரே படச்சட்டத்தில் காண விரும்பும் கண், அந்த மக்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இருக்கும் என்று நம்புகிறேன்.

எந்த வளைவு பொருத்தமானது என்பதை முடிவு செய்ய, உங்கள் பாதுகாப்பு அதிகாரியுடன் அந்தச் சாலையில் நடந்து வர நானும் என் மாணவர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். எடுக்கும் படங்களை மாவட்ட மன்றம் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம். எடுத்தவரின் பெயரை மட்டும் படத்தின் கீழ் அச்சிடுங்கள். பாதை அறிவிக்கப்படுவதற்கு முன்பே பதில் தந்தால், பயிற்சியை இப்போதே தொடங்கிவிடுவோம்.

பணிவன்புடன்,
தாப்பா புகைப்படக் கடைக்காரர் ஒருவர்